கலிஃபோர்னியாவில் கட்சித் தீர்மானமும் சட்டமன்ற வாக்கும்: இளம் தொண்டர்களின் விசுவாசம் யாருக்கு?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருக்கின்றன. அனைவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பது அக்கட்சியின் கொள்கை அறிக்கையிலேயே இடம்பெற்றிருக்கிறது. கட்சியின் இளம் தொண்டர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியும் அது ஏன் சட்டமாகவில்லை? கட்சி விசுவாசம்தான் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டதா?

இல்லை என்பதே என் பதில். விசுவாசம் மிகுந்து போனதால் இந்தத் திட்டம் நின்றுவிடவில்லை. தன் பெயரில் வெற்றிபெற்ற உறுப்பினர்களைத் தன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட வைக்கும் வலிமை அங்கே கட்சி அமைப்புக்கு மிகக் குறைவு. அதோடு, இதற்கான பணம் எந்த வரியிலிருந்து வரும் என்ற கேள்விக்குத் தன் பெயர் பதிவாகும்படி வாக்களித்துப் பதில் சொல்ல வேண்டிய நிலை எந்த உறுப்பினருக்கும் இதுவரை வந்ததில்லை. இளம் தொண்டர்கள் கட்சி அமைப்பைக் கைப்பற்றுவதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியை இந்த இரண்டாவது விஷயத்தில் செலவிட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊர் அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியையே இழக்க நேரிடும். அடுத்த தேர்தலில் சீட்டு கொடுப்பதும் மறுப்பதும் தலைமையின் கையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இந்த இரண்டும் இல்லை. கட்சியை மீறி வாக்களித்தாலும் பதவி போகாது. 2010இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட முறைப்படி, முதற்கட்டத் தேர்தலில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். அதிக வாக்குப் பெறும் முதல் இருவர், அவர்கள் ஒரே கட்சியினராக இருந்தாலும், இறுதித் தேர்தலுக்குப் போகிறார்கள். கட்சி தன் ஆதரவை அறிவிக்கலாம், பணம் தரலாம், உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்பலாம். ஆனால் ஒருவரைத் தேர்தலில் நிற்க விடாமல் தடுக்க முடியாது. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் வழியாகத் தனியாரிடமிருந்து வருகிறது. முதியோருக்கு ஒன்றிய அரசின் மெடிகேர், ஏழைகளுக்கு ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் திட்டம் (கலிஃபோர்னியாவில் அதன் பெயர் மெடி-கால்) என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. வேலை போனால் காப்பீடும் போய்விடும். இத்தனை வழிகளையும் ஒன்றாக்கி, மாநில அரசே ஒரே காப்பீட்டாளராக இருந்து எல்லோருடைய மருத்துவச் செலவையும் ஏற்பதுதான் ‘சிங்கிள் பேயர்’ என்று சொல்லப்படும் திட்டம். மருத்துவமனைகள் தனியாரிடமே இருக்கும். பணம் கொடுப்பவர் மட்டும் ஒருவராக இருப்பார்.

இந்தக் கோரிக்கை இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததல்ல. 1994இல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து பெரும் வித்தியாசத்தில் தோற்றது. பிறகு மேலவை உறுப்பினர் ஷீலா கியூல் கொண்டுவந்த சட்டமுன்வடிவு 2006இலும் 2008இலும் இரு அவைகளிலும் நிறைவேறியது. அப்போது ஆளுநராக இருந்த குடியரசுக் கட்சியின் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்னேக்கர் இரண்டு முறையும் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் தள்ளுபடி செய்தார். 2011இல் ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரவுன் ஆளுநரானார். அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏறக்குறைய அதே திட்டம் மேலவையில் வாக்குக்கு வந்தபோது, தேவையான 21 வாக்குகளுக்குப் பதில் 19 மட்டுமே கிடைத்தது. எதிர்க்கட்சி ஆளுநர் நிச்சயம் தள்ளுபடி செய்துவிடுவார் என்று தெரிந்த காலத்தில் இரு முறை நிறைவேறிய ஒரு திட்டம், சொந்தக் கட்சிக்காரர் ஆளுநரானதும் ஒரே அவையில்கூட நிறைவேறவில்லை. இளம் தொண்டர் யாராவது என்னிடம் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டால், இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். செலவில்லாத ஆதரவுக்கும் செலவு வைக்கும் ஆதரவுக்கும் உள்ள இடைவெளி அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

2016இல் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்று தோற்ற பெர்னி சாண்டர்ஸின் பிரசாரத்தில் அரசியலுக்கு வந்த இளைஞர்கள், அந்தத் தோல்விக்குப் பிறகு வீட்டுக்குப் போய்விடவில்லை. மாநிலக் கட்சியின் விதிகளைப் படித்தார்கள். கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் சுமார் 3,000 பேரில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கீழவைத் தொகுதிவாரியாக நடக்கும் கூட்டங்களில் சாதாரணக் கட்சி உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 80 தொகுதிகள், தொகுதிக்கு 14 பேர். 2017 ஜனவரியில் நடந்த அந்தக் கூட்டங்களுக்கு இளைஞர்கள் திரண்டு வந்து மணிக்கணக்கில் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். பல தொகுதிகளில் அவர்களுடைய பட்டியல் வென்றது. அந்த ஆண்டு மே மாதம் சாக்ரமெண்டோவில் கூடிய மாநாட்டில் அவர்கள் ஆதரித்த கிம்பர்லி எல்லிஸ், கட்சித் தலைவர் பதவியை நூற்றுக்கும் குறைவான வாக்குகளில் எரிக் பாமனிடம் இழந்தார். செவிலியர் சங்கத்தினர் சிவப்புச் சட்டையுடன் ஊர்வலமாக வந்து மருத்துவக் காப்பீட்டுக்காக முழக்கமிட்டார்கள்; கட்சியின் அப்போதைய தேசியத் தலைவர் டாம் பெரஸின் பேச்சுக்கு இடையிலும் கூச்சல் எழுந்தது.

அந்தக் கோடைக்காலத்தில்தான் மோதல் முற்றியது. ரிகார்டோ லாரா, டோனி அட்கின்ஸ் ஆகிய இரு மேலவை உறுப்பினர்கள் கொண்டுவந்த 562ஆம் எண் சட்டமுன்வடிவு, 2017 ஜூன் 1 அன்று மேலவையில் 23க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. மேலவை நிதிக் குழுவின் மதிப்பீட்டின்படி ஆண்டுச் செலவு 40,000 கோடி டாலர். அந்த ஆண்டு மாநில அரசின் மொத்த வரவுசெலவுத் திட்டமே 18,000 கோடி டாலருக்குச் சற்று அதிகம். எதிர்ப்பாளர்கள் இந்த இரண்டு எண்களையும் மேடைதோறும் சொன்னார்கள். ஆனால் அதே மதிப்பீடு வேறொன்றையும் சொன்னது: அதில் பாதி, அரசுகள் ஏற்கெனவே மருத்துவத்துக்குச் செலவிடும் பணம், மீதிப் பாதி புதிய வரியாக வர வேண்டும் என்றாலும், நிறுவனங்களும் தொழிலாளர்களும் தனியார் காப்பீட்டுக்கு இப்போது கட்டும் 10,000 முதல் 15,000 கோடி டாலர் வரை அவர்களுக்கு மிச்சமாகும். செவிலியர் சங்கத்தின் கோரிக்கைப்படி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, நிர்வாகச் செலவும் மருந்து விலையும் குறைவதால் மொத்தச் செலவு 33,100 கோடி டாலராகக் குறையும் என்றது. இரு தரப்பும் எண்களை முழுமையாகச் சொல்லியிருந்தால் மக்கள் விவாதித்திருக்கலாம். குறை என்னவென்றால், சட்டமுன்வடிவில் வரிப் பகுதியே எழுதப்படவில்லை.

அதே கட்சியைச் சேர்ந்த கீழவைத் தலைவர் ஆண்டனி ரெண்டன் ஜூன் 23 அன்று அதைக் கிடப்பில் போட்டார். நிதி ஏற்பாடு இல்லை, ஒன்றிய அரசின் அனுமதிக்கு வழி இல்லை, மக்கள் வாக்கெடுப்புக்கான திட்டம் இல்லை என்பது அவர் தரப்பு. தானும் இந்தக் கொள்கையை ஆதரிப்பவனே என்றும் சொன்னார். வாக்காளர்கள் அவரைப் பதவியிலிருந்து திரும்பப் பெறும் இயக்கம் தொடங்கியது. கொலை மிரட்டல்கள்கூட வந்தன. செவிலியர் சங்கத் தலைமை, மாநிலச் சின்னமான கரடியின் முதுகில் ரெண்டனின் பெயர் பொறித்த கத்தி குத்தியிருப்பது போன்ற படத்தை வெளியிட்டது. மிரட்டல்களுக்கு எந்த நியாயமும் இல்லை. அவை அந்த இயக்கத்துக்குச் சேர்ந்த நல்லெண்ணத்தையும் கெடுத்தன. ஆனால் ரெண்டனின் முடிவைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், அவர் கண்ட குறை உண்மை. அதற்கு அவர் செய்த மருத்துவம் தவறு. நிதிப் பகுதி இல்லாத சட்டமுன்வடிவை நிதிக் குழுவுக்கு அனுப்பி, வரிகளை எழுதச் சொல்லி, திறந்த விசாரணை நடத்தியிருக்கலாம். கதவை மூடியதால், மேலவையில் ‘ஆம்’ என்று வாக்களித்த 23 பேரும் எந்தச் செலவும் இல்லாமல் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள். கீழவையில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் என்பதே மக்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நிதி ஏற்பாடு ஏன் இவ்வளவு கடினம் என்பதையும் இளம் தொண்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மேடைப் பேச்சில் இது வருவதில்லை. கலிஃபோர்னியாவில் வரியை உயர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; இது 1978ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் விளைவு. 1979இல் வந்த இன்னொரு திருத்தம் அரசின் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. 1988இல் வந்த மற்றொன்று, மாநிலப் பொது வருவாயில் ஏறத்தாழ 40 விழுக்காடு பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் போக வேண்டும் என்கிறது. ஆகவே மருத்துவத்துக்கென்று ஒரு வரியைப் போட்டாலும், அரசியலமைப்பைத் திருத்தாமல் அது முழுவதையும் மருத்துவத்துக்குச் செலவிட முடியாது. அந்தத் திருத்தத்துக்கு மக்கள் வாக்கு தேவை. இதற்கு மேல், மெடிகேர், மெடி-கால் பணத்தை மாநிலத் திட்டத்துக்குத் திருப்பிவிட ஒன்றிய அரசு இசைய வேண்டும். நிறுவனங்கள் தம் ஊழியருக்குத் தரும் நலத்திட்டங்களில் மாநிலம் தலையிடுவதை 1974ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் ஒன்று வெகுவாகக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனிச் சாவி வேண்டும். ஒரு சட்டமுன்வடிவு எல்லாவற்றையும் திறந்துவிடாது.

2018இல் கேவின் நியூசம், இந்தத் திட்டத்தை ஆதரிப்பதாகச் சொல்லி, செவிலியர் சங்கத்தின் ஆதரவுடன் ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார். பதவிக்கு வந்தபின் இதை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தார். 2020இல் 25 வயதில் கீழவைக்குத் தேர்வான அலெக்ஸ் லீ போன்றவர்கள் சட்டமன்றத்துக்குள்ளேயே வந்தார்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு, இந்திய வம்சாவளியினரான கீழவை உறுப்பினர் ஆஷ் கால்ரா 2021இல் 1400ஆம் எண் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். இம்முறை பழைய குறை களையப்பட்டிருந்தது. வரிகள் தனியாக ஓர் அரசியலமைப்புத் திருத்தமாக எழுதப்பட்டன: ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் வருவாய் உள்ள வணிகங்களுக்கு 2.3 விழுக்காடு, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 1.25 விழுக்காடு, உயர்ந்த வருமானக்காரர்களுக்குக் கூடுதல் வருமான வரி. வரி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொன்னது நேர்மையான செயல்.

2022 ஜனவரியில் அது இரண்டு குழுக்களைக் கடந்தது. மாதக் கடைசிக்குள் கீழவையில் 41 வாக்குகள் பெற்றாக வேண்டும். கட்சியின் முற்போக்கு அணி, எதிர்த்து வாக்களிப்பவர்களுக்கு அடுத்த தேர்தலில் கட்சியின் ஆதரவைத் தரவிட மாட்டோம் என்று எச்சரித்தது. இதைத்தான் பலர் ‘விசுவாசச் சோதனை’ என்றார்கள். உண்மையில் அந்த மிரட்டலுக்கு வலு குறைவு. கட்சி ஆதரவு இல்லாவிட்டாலும் பதவியில் இருப்பவர் முதல் இருவரில் ஒருவராக வந்துவிடுவார். அவருக்குப் பணம் தரக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவர் சங்கமும் வணிகக் கழகமும் காத்திருந்தன. ஏற்கெனவே நல்ல காப்பீட்டைப் பேரம் பேசிப் பெற்றிருக்கும் சில தொழிற்சங்கங்களும் தயங்கின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆளுநர் வாய் திறந்து ஆதரிக்கவில்லை. ஜனவரி 31 அன்று, தேவையான வாக்குகள் இல்லை என்று சொல்லிக் கால்ரா அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. திட்டத்தின் முதன்மை ஆதரவாளரான செவிலியர் சங்கம், வாக்கெடுப்பைக் கைவிட்டதற்காக அவரையே வெளிப்படையாகக் கண்டித்தது.

இந்த விஷயத்தில் நான் செவிலியர் சங்கத்தின் பக்கம். தோற்கும் வாக்கெடுப்பை நடத்தினால் சக உறுப்பினர்களுக்குச் சங்கடம், உறவு கெடும், அடுத்த முயற்சிக்கு ஆள் கிடைக்காது என்பது கால்ராவின் நிலையில் இருப்பவர்கள் சொல்லும் நியாயம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தச் சட்டமன்றத்தில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்று சொன்னால்தான் எதுவும் நிறைவேறும். வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பதும் எதிர்ப்புக்குச் சமம். அப்படி ஒதுங்கி நிற்பவரின் பெயர்கூடப் பதிவாகாத நிலையை ஏற்றுக்கொண்டால், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்ட இருபது வயது இளைஞர் அடுத்த தேர்தலில் யாரை எதிர்ப்பது, யாருக்காக உழைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? 2024இல் கால்ரா மீண்டும் கொண்டுவந்த சட்டமுன்வடிவும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில், விவாதமின்றி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முன்வடிவுகளின் தலைவிதியை முடிவுசெய்யும் அந்த வழக்கமான அமர்வில், நிறுத்திவைக்கப்பட்டது.

இதே ஆண்டுகளில் வேறொரு கோரிக்கை படிப்படியாக வென்றது. கேள்வி கேட்டவர் இதையும் கவனிக்க வேண்டும். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கும் மெடி-கால் கிடைக்க வேண்டும் என்ற அந்த இயக்கத்தில், ஆவணமற்ற இளைஞர்களே முன்னணியில் நின்றார்கள். வாக்குரிமை இல்லாதவர்கள் என்பதால் கட்சி விசுவாசம் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. 2016இல் குழந்தைகள், 2020இல் 19 முதல் 25 வயதினர், 2022இல் 50 வயதைக் கடந்தவர்கள், 2024இல் இடையில் விடுபட்ட 26 முதல் 49 வயதினர் என்று ஒவ்வொரு படியும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வாசகமாக, ஒரு தொகையாக, ஒரு தேதியாக எழுதப்பட்டது. ‘ஒபாமாகேர்’ எனப்படும் ஒன்றியச் சட்டத்தின் காப்பீட்டு விரிவாக்கமும் சேர்ந்து, 2013இல் ஏறத்தாழ 17 விழுக்காடாக இருந்த காப்பீடு இல்லாதோர் விகிதம் பத்து ஆண்டுகளில் 7 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. மேடையில் அதிகம் கைதட்டல் வாங்காத இந்த வேலை எத்தனையோ பேரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது.

ஆனால் இந்தப் பாதையும் உறுதியானதல்ல. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, பற்றாக்குறை வந்தது. 2025இல் அதே ஆளுநரும் அதே கட்சியின் சட்டமன்றமும், 2026 ஜனவரி முதல் ஆவணமற்ற வயதுவந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தவும், 2027 ஜூலை முதல் ஏற்கெனவே சேர்ந்த வயதுவந்தோரில் 60 வயதுக்குட்பட்டவர்களிடம் மாதம் 30 டாலர் கட்டணம் வாங்கவும் முடிவுசெய்தன. நிலையான தனி வருவாய் இல்லாத உரிமையை அடுத்த பற்றாக்குறை பறித்துவிடும். ஆகவே, படிப்படியாகப் போகும் வழியா, ஒரே தாவலா என்று இளைஞர்கள் தங்களுக்குள் சண்டையிடுவது வீண்; இரு வழிகளிலும் தடுக்கி விழுந்த இடம் வரி என்ற ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரிய குறை இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெர்மான்ட் மாநிலம் சிறியது. மக்கள்தொகை ஆறரை லட்சத்தை எட்டாது. அங்கே தொழிலாளர் அமைப்பு ஒன்றின் இளம் ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டி, 2011இல் சட்டமே நிறைவேறச் செய்தார்கள். ஆளுநர் பீட்டர் ஷம்லின் கையெழுத்திட்டார். நிதி ஏற்பாட்டைப் பிறகு முடிவுசெய்யலாம் என்று அந்தச் சட்டம் ஒத்திவைத்தது. 2014 டிசம்பரில், நிறுவனங்களுக்கு 11.5 விழுக்காடு சம்பள வரியும் தனிமனிதர்களுக்கு வருமானத்தில் 9.5 விழுக்காடு வரையிலான கட்டணமும் தேவைப்படும் என்று கணக்குச் சொல்லி, அதே ஷம்லின் திட்டத்தைக் கைவிட்டார்.

கலிஃபோர்னியாவுக்குத் திரும்பினால், 2023இல் மேலவை உறுப்பினர் ஸ்காட் வீனரின் 770ஆம் எண் சட்டம் நியூசமின் கையெழுத்தைப் பெற்றது. ஒன்றிய அரசிடம் அனுமதி கேட்பதற்கான முறையான வேலையைத் தொடங்கச் சொல்கிறது அது. இது காலம் கடத்தும் வேலை என்று செவிலியர் சங்கம் எதிர்த்தது. வேறு ஆதரவாளர்கள் இதுதான் முதற்படி என்றார்கள். இளம் தொண்டர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒன்றிய அனுமதி இல்லாமல் திட்டம் இல்லை என்பதால், சங்கத்தின் ஐயத்தை மதித்தாலும், நான் அந்தச் சட்டத்தை ஆதரிக்கிறேன். அதே நேரத்தில் அதைக் காரணம் காட்டி வரிப் பேச்சைத் தள்ளிப்போட விடக் கூடாது.

ஆகவே கட்சியில் இருப்பதா, வெளியேறுவதா என்று என்னைக் கேட்கும் இளைஞருக்கு, இருங்கள் என்றே சொல்வேன். அங்கே கட்சியின் கொள்கை அறிக்கை உங்கள் பக்கம் இருக்கிறது; அதைக் கேட்பவர் விசுவாசம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை மறந்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நியூசமின் இரண்டாவது பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்து வருபவரிடமும், உங்கள் தொகுதியின் இரு அவை உறுப்பினர்களிடமும், ‘திட்டத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள். எந்த வரியை ஆதரிப்பீர்கள், பள்ளி நிதி, செலவு உச்சவரம்பு ஆகியவை பற்றிய திருத்தத்தை எந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் முன் வைப்பீர்கள், முன்வடிவு தோற்கும் என்று தெரிந்தாலும் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வேண்டும் என்று அவைத் தலைவருக்கு எழுதுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, வீடு வீடாகப் போவதற்கு முன் தொகுதிக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள்.